முளைக்கறத காட்டறோம், மக்கறத யாரு காட்டறது?

பையன் ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட் குடுத்து விட்டாங்க. நீங்களும் சின்ன வயசுல பண்ணியிருப்பீங்க, டம்ளர்ல ஈரப் பஞ்ச வச்சு அதுல பீன்ஸ் விதைய போட்டு முளைக்க வைக்கறது. நாலு நாள்ல வேர் வந்துச்சு, அப்புறம் வளைஞ்ச கழுத்த மெதுவா நிமித்திக்கிட்டு ரெண்டு இலை வந்துச்சு, இவன் டம்ளர தூக்கிக்கிட்டு வீடு முழுக்க ஊர்வலம் போனான். போட்டோ எடுத்து அனுப்பியாச்சு, ஸ்டார் வாங்கியாச்சு. அதுக்கப்புறம் அது ஜன்னல் ஓரத்துல அது பாட்டுக்கு நின்னுச்சு, இலை வெளுத்து, தண்டு நூல் மாதிரி ஆகி, ஒரு நாள் காலைல தலை சாஞ்சு கெடந்துச்சு. "அம்மா, தண்ணி ஊத்தினேன்ல, வெயில்ல வச்சேன்ல, அப்புறம் ஏன் செத்துச்சு?"

விதை வரும்போதே தன்னோட சாப்பாட்ட கட்டி எடுத்துக்கிட்டுத்தான் வருது, அந்த ரெண்டு பருப்புத் துண்டு இருக்கே, அதுதான் மூட்டை. அது தீர்ற வரைக்கும் பஞ்சுலயும் முளைக்கும், டிஷ்யூ பேப்பர்லயும் முளைக்கும். தீர்ந்ததும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்னு வெளிய இருந்து எடுத்தாகணும், பஞ்சுல அதுக்கு எங்க போறது? ஆனா ப்ராஜெக்ட் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது, ஸ்டாரும் குடுத்துடறாங்க. யோசிச்சுப் பாத்தா ஒரு குழந்தை அதுலேருந்து கத்துக்கறது செடிக்கு மண்ணே வேணாம்ங்கறதுதான். எனக்கு அன்னிக்கு ராத்திரி இது ரொம்ப உறுத்திச்சு, நம்ம எல்லாரும் குழந்தைக்கு முளைக்கறத மட்டும்தான் காட்டறோம், மக்கறத காட்டறதே இல்ல, அது அசிங்கம்னு மூடி போட்டு குப்பைல தள்ளிடறோம். மண்ணு எங்க இருந்து வருதுன்னா பாதிக் கதை அந்தக் குப்பைலதான் இருக்கு.

அதனால தலைகீழா ஆரம்பிச்சேன். எங்ககிட்ட இருக்கறது மொத்தமே பால்கனில பதினோரு தொட்டிதான், அதுல ரெண்டு காலி. ஒரு காலித் தொட்டில பழைய மண்ணு, ரெண்டு வருஷமா காய்ஞ்ச இலையும் செத்த செடியும் அப்படியே உள்ளயே கெடந்து ஊறின மண்ணு. இன்னொண்ணுல புதுசா பிரிச்ச வெறும் தேங்காய் நார்த்தூள். ரெண்டுலயும் ஒரே மாதிரி வாழைப்பழத் தோல் ஒரு துண்டு, ஒரு சருகு, அவனோட கிழிஞ்ச காட்டன் சாக்ஸ் ஒண்ணு ஒண்ணு, சாக்லேட் பேப்பர் ஒண்ணு. புதைக்கறதுக்கு முன்னாடி எது எது காணாமப் போகும்னு எழுதி வைன்னு சொன்னேன். சாக்ஸ் போகவே போகாது, ஏன்னா அது "டிரஸ்"ன்னு எழுதினான். சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அறுபது நாள். ஒரு ஏழு வயசுப் பையன அறுபது நாள் தோண்டாம இருக்க வைக்கறது எவ்ளோ கஷ்டம்னு பெத்தவங்களுக்குத்தான் தெரியும், நடுவுல நாலஞ்சு தடவ குச்சிய விட்டுக் கிளறியிருக்கான், எனக்குத் தெரியும், நகத்துல மண்ணு இருந்துச்சு. தோண்டின அன்னிக்கு அக்கா பொண்ணும் வந்திருந்தா. பழைய மண்ணுல பழத்தோல் சுத்தமா இல்ல. சருகு, நரம்பு மட்டும் மிஞ்சி வலை மாதிரி இருந்துச்சு. சாக்ஸ இழுத்தா கால் பகுதியே காணோம், மேல இருக்கற எலாஸ்டிக் வளையம் மட்டும் ரெண்டு மூணு நூலத் தொங்க விட்டுக்கிட்டு வருது. சாக்லேட் பேப்பர் கழுவினா மறுபடி சுத்தலாம், அவ்ளோ பளபளப்பு. நார்த்தூள் தொட்டில சாக்ஸ் கிட்டத்தட்ட அப்படியே இருந்துச்சு, கறை மட்டும். "அப்போ இந்த தொட்டில யாரோ சாக்ஸ தின்னுருக்காங்க"ன்னான். நான் சொல்லிக் குடுக்க வேண்டியத அவனே சொல்லிட்டான்.

இது நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல, சில நாடுகள்ல விவசாயிங்க வெள்ளை காட்டன் ஜட்டிய வயல்ல ரெண்டு மாசம் புதைச்சு வச்சு எடுத்துப் பாப்பாங்க, மண்ணுல உயிர் நல்லா இருந்தா எலாஸ்டிக் பட்டி மட்டும்தான் மிஞ்சும், உயிர் கம்மின்னா ஜட்டி ஜட்டியாவே வரும். காட்டன்ங்கறது செல்லுலோஸ், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது சாப்பாடு. இத ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். ஜட்டிங்கற வார்த்தையக் கேட்டு அரை மணி நேரம் சிரிச்சாங்க, ஆனா செல்லுலோஸ்ங்கற வார்த்தைய இன்னும் மறக்கல.

அந்த "யாரோ" யாருன்னு பாக்கறதுதான் அடுத்த வேலை. ஒரு டீஸ்பூன் நல்ல மண்ணுல நூறு கோடி பாக்டீரியா வரைக்கும் இருக்கும்னு சொல்லலாம், சொன்னேன், "ஓ"ன்னு கேட்டுக்கிட்டு போயிட்டான். நூறு கோடிங்கறது அவனுக்கு வெறும் சத்தம். கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது வேணும். ஒரு பிளாஸ்டிக் பாட்டில குறுக்க வெட்டி மேல் பாதிய புனல் மாதிரி கவுத்து வச்சு, அதுல கொசுவலைத் துண்டு போட்டு, மேல ஒரு கை சருகோட சேந்த ஈர மண்ணு, அதுக்கு மேல டேபிள் லேம்ப், கீழ் பாதில ஈர டிஷ்யூ. மண்ணு மேலேருந்து காய காய உள்ள இருக்கறதுங்க வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயந்து கீழ கீழ இறங்கி, கடைசில புனல் வழியா விழுந்துடும். பெர்லீஸ்னு ஒரு இத்தாலிக்காரர் 1905ல பண்ணின ஐடியா இது, அவர் வெந்நீர வச்சு சூடு பண்ணினாரு, பல்பு அப்புறம் வந்தது. பல்பு மண்ணுல படாம தள்ளி வைங்க, குழந்தை பக்கத்துல இருக்கும்போது மட்டும் போடுங்க.

மறுநாள் டிஷ்யூவ பூதக்கண்ணாடில பாத்தோம். முதல்ல ஒண்ணும் தெரியல, தூசி மாதிரி வெள்ளைப் புள்ளிங்க. அதுல ஒரு புள்ளி நடந்துச்சு. ஒரு மில்லிமீட்டர் இருக்கும், நீளமான வெள்ளை உடம்பு, ரெண்டு குட்டி உணர்கொம்பு, பையன் பென்சில் முனைய கிட்ட கொண்டு போனதும் டக்குனு காணாமப் போச்சு, எங்கடான்னா ரெண்டு விரக்கடை தள்ளி நிக்குது. ஸ்பிரிங்டெயில்னு பேரு, வயித்துக்கு அடில ஒரு கவட்டைய மடிச்சு கொக்கி போட்டு வச்சிருக்கும், ஆபத்துன்னா கொக்கிய விட்டதும் கவட்டை தரைய அடிச்சு உடம்பத் தூக்கி எறிஞ்சிடும். பூஞ்சையும் மக்கின இலையும்தான் அதுக்குச் சாப்பாடு, செடிக்கு கெடுதல் கிடையாது. இத்தன நாள் இந்த வெள்ளைப் பூச்சிய பாத்ததும் மருந்து அடிச்சுக்கிட்டிருந்தது சாட்சாத் நான்தான். பையன் முன்னாடி இத ஒத்துக்கிட்டேன். "அய்யோ பாவம்மா"ன்னான், எனக்கில்ல, ஸ்பிரிங்டெயிலுக்கு.

பாட்டில் ஜாடில மண்ணும் தண்ணியும் குலுக்கி வைக்கற டெஸ்ட் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், மணல் ஒரு நிமிஷத்துல அடில உக்காந்துடும், வண்டல் ரெண்டு மணி நேரம், களி ஒரு நாளுக்கு மேல. பையன் அஞ்சாவது நிமிஷத்துல கொட்டாவி விட்டான். அதுல எனக்கு உபயோகமா இருந்த ஒரே விஷயம், நல்ல மண்ணுல கிட்டத்தட்ட பாதி வெறும் சந்துதான், அந்த சந்துல ஏறக்குறைய பாதி காத்து, பாதி தண்ணி, மண்ணோட இன்னொரு பாதிலதான் மணலும் வண்டலும் களியும், கொஞ்சூண்டு மக்கின இலைதழையும். அப்போ தொட்டி மண்ண அமுக்கி அமுக்கி ரொப்பினா நாம அமுக்கறது அந்தக் காத்தத்தான்னு அக்கா பொண்ணு சொன்னா. அவளுக்குப் பத்து வயசு.

எனக்குப் பிடிச்சது கட்டி டெஸ்ட். தினமும் கொத்திக் கொத்தி சுத்தமா வச்சிருந்த தொட்டிலேருந்து (ஆமா, நான் அப்படித்தான் வச்சிருந்தேன், அதுல பெருமை வேற) ஒரு மண்ணுக் கட்டி, யாரும் கவனிக்காம களையும் சருகுமா கெடந்த தொட்டிலேருந்து ஒரு கட்டி. ரெண்டையும் நல்லா காய வச்சு, ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ரொப்பி, வாய்ல கம்பிவலைத் துண்டு செருகி அது மேல மெதுவா வச்சோம். முதல் கட்டி புஸ்ஸுன்னு காத்து விட்டுக்கிட்டே கரைஞ்சு ஒரு நிமிஷத்துல அடில சேறு. ரெண்டாவது குமிழ் விட்டுச்சு, அவ்ளோதான், அப்படியே உக்காந்திருந்துச்சு, தண்ணி தெளிவா இருந்துச்சு. சாயங்காலம் வந்து பாத்தா அப்பவும் உக்காந்திருக்கு. வேர்லேருந்து கசியற சர்க்கரை, அத தின்னு வாழற நுண்ணுயிர் விடற பசை, பூஞ்சை இழை, மண்புழு எச்சம், இதெல்லாம் சேந்துதான் துகள்கள ஒட்டி வைக்குது. நான் தினமும் கொத்தினப்ப அந்த இழையத்தான் அறுத்துக்கிட்டிருந்திருக்கேன். "சித்தி, சோம்பேறித் தொட்டி ஜெயிச்சிடுச்சு"ன்னா அவ.

ரீஜெனரேட்டிவ் ஃபார்மிங்னு சொல்றது சுத்தி வளைச்சு இந்த சோம்பேறித் தொட்டிதான். ராபர்ட் ரோடேல்னு ஒரு அமெரிக்கக்காரர் 1980கள்ல அந்தப் பேர பரப்பினாரு, இருக்கற மண்ண கெடுக்காம வச்சுக்கறது மட்டும் பத்தாது, இன்னும் நல்லா ஆக்கணும்ங்கறது அவர் பேச்சு. குழந்தைகிட்ட நான் சொன்னது, பக்கத்து வீட்டுல ஒரு கப் வாங்கினா திருப்பிக் குடுக்கறப்ப கொஞ்சம் கூடப் போட்டுக் குடுக்கற மாதிரி. மண்ண கிண்டாத, வெறுமையா விடாத, சருகு போட்டு மேல மூடி வை (இதுக்குத்தான் மூடாக்குன்னு பேரு), ஒரே செடிய திரும்பத் திரும்ப வைக்காத, எப்பவும் ஏதாவது ஒரு வேர் உயிரோட உள்ள இருக்கட்டும், முடிஞ்சா கால்நடை. பால்கனில மாடு கட்ட முடியாது, அதனால மண்புழு. இதுல ஒரு நேர்மையும் வேணும், தொட்டிங்கறது ஒரு டப்பா, அடிமண் கிடையாது, ஒவ்வொரு தடவ தண்ணி ஊத்தறப்பவும் கொஞ்சம் சத்து அடில ஓட்டை வழியா போகத்தான் செய்யும், பதினோரு தொட்டிய வச்சுக்கிட்டு நாம பூமிய காப்பாத்தறோம்னு குழந்தைகிட்ட சொல்றது எனக்குப் பிடிக்கல. அது பழகற இடம். நீச்சல் குளம் கடல் ஆகாது, ஆனா நீச்சல் நீச்சல்தான்.

மண்புழுக் கதைக்கு வரேன், இதுல நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். முதல் தப்பு, மழை விட்டதும் தரைல நெளிஞ்சத பையன விட்டுப் பொறுக்கி டப்பால போட்டது. அதுல பாதி ஆழமா வளை தோண்டற ஜாதி, டப்பால அதுக்கு சரிப்படாது. டப்பாக்கு ஏத்தது எப்பவும் மேலயே குப்பைல வாழற சின்ன சிவப்புப் புழு, ஐசீனியா ஃபெடிடான்னு பேரு. சரின்னு அத வாங்கி, ஈரப் பேப்பர கிழிச்சுப் போட்டு படுக்கை பண்ணி, எல்லாம் சரியாத்தான் பண்ணினேன். அப்புறம் ஆசை. ஒரே நாள்ல தர்பூசணித் தோல் மொத்தமும் போட்டுட்டேன். அது உள்ள சூடாயி, புளிச்சு, தண்ணி கட்டி, மறுநாள் காலைல மூடியத் திறந்தா புழுங்க எல்லாம் சுவத்துல ஏறி மூடிக்கு அடில கொத்தா தொங்குது, அடில பாதி செத்துப் போச்சு. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோல் வழியாத்தான் மூச்சு, தோல் ஈரமா இருக்கணும், அதே சமயம் சுத்தி காத்தும் இருக்கணும். நான் ரெண்டாவத மறந்துட்டேன்.

பையன் அழுதான். பேசாம புதுசா வாங்கி அவனுக்குத் தெரியாம மாத்தி வச்சிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு, மீன் தொட்டில நிறைய அப்பா அம்மா பண்ற வேலைதான் இது. பண்ணல. நான்தான் அதிகமா போட்டேன்னு சொல்லிட்டு, மிஞ்சினத எடுத்து புதுப் படுக்கைல விட்டோம். அன்னிலேருந்து டப்பாக்கு சாப்பாடு போடற வேலை அவன்கிட்ட, வாரம் ரெண்டு தடவ ஒரு கைப்பிடி, போன தடவ போட்டது காணாமப் போனாத்தான் அடுத்தது. என்னைவிட அவன் கறார்.

கழிவ மக்க வச்சு உரமாக்கற மக்குத் தொட்டிக்கும் அதே கறார்தான். பச்சைக் கழிவு ஒரு பங்குன்னா காய்ஞ்ச இலை, கிழிச்ச அட்டை ரெண்டு மூணு பங்கு, கைல எடுத்துப் பிழிஞ்சா ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகினா ஈரம் ஜாஸ்தி. நாத்தம் வந்துச்சுன்னா முக்காவாசி நேரம் காய்ஞ்சது பத்தலன்னு அர்த்தம். சில வீடியோல பதினஞ்சு நாள்ல ரெடின்னு காட்டறாங்க, சின்ன பக்கெட்டுல அதெல்லாம் நடக்காது, 55, 60 டிகிரி சூடு ஏறி நிக்கணும்னா ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குவியல் வேணும், நம்ம பக்கெட்டு மூணு நாலு மாசம் எடுத்துக்கும். குழந்தைகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா தினமும் கேள்வி.

புழுவுக்கு காது கேக்குமான்னு ஒரு நாள் கேட்டான். இதுக்கு சார்லஸ் டார்வின்கிட்டயே பதில் இருக்கு. அந்த மனுஷன் 1837லயே மண்புழுவப் பத்தி பேசியிருக்காரு, கடைசிப் புத்தகமும் 1881ல மண்புழுவப் பத்தித்தான், அடுத்த வருஷம் இறந்துட்டாரு. தொட்டில புழுவ வச்சு பக்கத்துல விசில், பஸூன்ங்கற பெரிய ஊதுகுழல், பியானோ எல்லாம் வாசிச்சுப் பாத்தாங்களாம், புழு கண்டுக்கவே இல்ல. அதே தொட்டிய பியானோ மேலயே தூக்கி வச்சு ஒரு கட்டைய அழுத்தினதும் சர்ருனு வளைக்குள்ள போயிடுச்சு. காது இல்ல, அதிர்வு தெரியுது. எங்ககிட்ட பியானோவுக்கு எங்க போறது, போன வைப்ரேட் மோடுல போட்டு டப்பா மேல வச்சு இன்னொரு போன்லேருந்து கூப்பிட்டோம். தலை நீட்டிக்கிட்டிருந்த ரெண்டு புழு உள்ள போயிடுச்சு. ஒரு தடவ போதும்டா பாவம்னு நிறுத்திட்டேன்.

நடுவுல சொல்லிடறேன், மண்ண மோந்து பாக்க விடுங்க, மழை வாசனைக்கு காரணமான ஜியோஸ்மின் மண்ணுல இருக்கற பாக்டீரியாதான் பண்ணுது, நம்ம மூக்கு அத ரொம்ப ரொம்பக் கம்மியா இருந்தாலும் கண்டுபிடிச்சிடும், நல்ல மக்கு அந்த வாசனைதான் வரணும். ஆனா புதுசா வாங்கின மண்ணுக் கலவைப் பைய திறந்ததும் மூக்க உள்ள விடக்கூடாது, அதுல லெஜியனெல்லான்னு நுரையீரலத் தாக்கற பாக்டீரியா இருக்க வாய்ப்பு உண்டு, காத்தோட்டமா திறந்து கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டு எடுங்க. பழைய பெயிண்ட் உதிர்ற சுவர் ஓர மண்ணு வேணாம், ஈயம் இருக்கலாம். பூனை கக்கா போற இடமும் வேணாம். கைல காயம் இருந்தா கிளவுஸ், முடிஞ்சதும் சோப்பு.

பீன்ஸுக்கு திரும்ப வரேன், ஏன்னா அவன் வந்தான். இந்த வருஷம் அந்தச் சோம்பேறித் தொட்டில பீன்ஸ் போட்டோம். முதல் நாலஞ்சு நாள் தினமும் தோண்டிப் பாத்து மூணு விதைய கெடுத்தான், மீதி வந்துச்சு. பூ விட்ட சமயத்துல ஒரே ஒரு செடிய மட்டும் மண்ணோட பெயர்த்து தண்ணில அலசினோம். வேர் பூரா குட்டிக் குட்டி முடிச்சு. ஒண்ண நகத்தால கீறினேன், உள்ள ரோஸ் கலர். "அம்மா ரத்தம்!" பொய் இல்ல, அது லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினுக்கு சொந்தக்காரன் மாதிரி. உள்ள குடியிருக்கற ரைசோபியம் பாக்டீரியா காத்துலேருந்து நைட்ரஜனப் புடிச்சு செடிக்கு குடுக்கும், செடி அதுக்கு சர்க்கரை குடுக்கும், ஆனா அந்த வேலை நடக்கணும்னா ஆக்சிஜன் அளவாத்தான் இருக்கணும், அந்தக் கட்டுப்பாடுதான் இந்த ரோஸ் கலரோட வேலை. உள்ள வெள்ளையா பச்சையா இருந்தா அந்த முடிச்சு வேலை செய்யலன்னு அர்த்தம். நார்த்தூள் தொட்டில வச்ச பீன்ஸ எடுத்துப் பாத்தோம், ஒரு முடிச்சு கூட இல்ல, குடியிருக்க ஆள் வரவே இல்ல.

கொஞ்ச நேரம் வேர கைல வச்சு பாத்துக்கிட்டே இருந்தான். "பஞ்சுல வச்சேன்ல, அதுக்கு யாருமே இல்லம்மா"ன்னான்.

காய் எல்லாம் பறிச்சு முடிச்சதும் செடிய புடுங்காம தரையோட வெட்டி விட்டோம், வேர் உள்ளயே கெடந்து மக்கட்டும்னு. போன வாரம் பழக்க தோஷத்துல அந்தத் தொட்டிய ஒரு கொத்து கொத்தலாம்னு கரண்டியோட போனேன். நடுவுல ஒரு ஐஸ்கிரீம் குச்சி நட்டு வச்சிருக்கு, ஸ்கெட்ச் பேனால கோணல் மாணலா எழுதியிருக்கான், "தோண்டாதே. உள்ளே ஆள் இருக்கு."